பாலூட்டும் பதின்வயதுத் தாயையும் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்ப்பால் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குழந்தைக்கு என்னென்ன கிடைக்கிறது என்று விரிவாகவே சொல்லியிருந்தீர்கள். கொடுப்பவளைப் பற்றி நாலு வரிகூட இல்லை. அவளுக்கு 16 வயதுதான் என்றால் கணக்கே வேறு.

அந்த வயதில் பிள்ளை பெறலாமா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. பெற்றாகிவிட்டது, பாலும் கொடுக்கிறாள். அப்புறம் அவள் உடம்பு என்ன ஆகிறது? முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவை என்பார்கள். கர்ப்பத்தில் சேர்ந்த கொழுப்பு கொஞ்சம் கரைந்து கைகொடுக்கும் என்று கழித்துவிட்டுச் சொல்வது அது. கையிருப்பே இல்லாத ஒல்லிப் பெண்ணுக்கு அது எப்படிப் போதும்? பாலில் நாளுக்கு 200 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியமும் போகிறது. தாய் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் பாலில் அது பெரிதாகக் குறையாது, அவள் எலும்பிலிருந்து போய்விடும். வளர்ந்த பெண்களுக்குப் பால் நிறுத்திய பிறகு இழந்தது பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. இவளோ எலும்பைச் சேர்க்க வேண்டிய வயதிலேயே செலவழிக்கிறாள். பி12, அயோடின் போன்றவை அப்படியல்ல, தாய்க்குக் குறைந்தால் பாலிலும் குறையும். ஆக, அவளைக் கவனிக்காமல் விட்டால் குழந்தைக்கும் நஷ்டம்தான்.

பரிசோதனைக்குப் போனால் குழந்தையின் எடையை கிராம் கணக்கில் அட்டையில் எழுதுகிறார்கள். தாய் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறாள். எப்போதாவது அவளையும் தராசில் ஏற்றினால், “எடை குறைஞ்சிருக்கே, நல்லதுதான்” என்று அனுப்பிவிடுகிறார்கள். குறைந்தது கொழுப்பா தசையா என்று தராசு சொல்லுமா? நேர்மாறாகவும் நடக்கும். தானே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பெண்கள் சிலர் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கொழுப்பைக் கரைக்காமல் தங்களுக்கே வைத்துக்கொள்கிறார்கள், பிறக்கும் குழந்தைதான் சிறியதாக இருக்கிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதனால் பார்வைக்குப் பூசினாற்போல் இருப்பவளையும் ‘நல்ல சத்து’ என்று விட்டுவிட முடியாது.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எடையோடு உயரத்தையும் மேல்கைச் சுற்றளவையும் ஒவ்வொரு முறையும் குறித்து வந்தால் போதும், ஒரு டேப்பும் அரை நிமிடமும்தான் செலவு. பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்) பார்ப்பதானால் 19 வயது வரை வயதுவாரி அட்டவணையில் பாருங்கள், பெரியவர்களுக்கானதில் வேண்டாம். குழந்தையின் அட்டையிலேயே இதற்கு நாலு கட்டம் போட இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி