சுவின் பருத்தியைத் தனிக் குவியலாக வாங்குங்கள்

வேளாண்மைத் துறை, வேளாண் விற்பனைத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் சேர்த்துக் கோவையில் உருவாக்கி, 1974-இல் வெளியிட்ட பருத்தி சுவின். இழை நீளம் 38 முதல் 40 மில்லிமீட்டர். 100, 120-ஆம் நம்பர் நூல் இதில் ஓடும் (நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசு); மெல்லிய வேட்டிக்கும் உயர்ரகச் சட்டைத் துணிக்கும் ஏற்ற நூல்.

இந்தப் பருத்தியைச் சாதாரணப் பருத்தியோடு ஒரே விலையில் கட்டக்கூடாது. குவிண்டால் சாதாரணப் பருத்தியை அரைத்துக் கொட்டையை நீக்கினால் 34 கிலோ பஞ்சு வரும். சுவினில் 30 கிலோவை ஒட்டித்தான் வரும். நிறமும் ஈரமும் மட்டும் பார்த்து விலை வைத்தால் கொட்டை நீக்கும் ஜின்னிங் ஆலைக்கு நட்டம், ஆறு மாதத்துக்கு மேல் தண்ணீர் கட்டி, சாறு உறிஞ்சும் பூச்சியோடும் காய்ப்புழுவோடும் மல்லுக்கட்டிய விவசாயிக்கு அதைவிட நட்டம். நீளத்துக்கு விலை வேண்டும்.

நீளம் பார்ப்பது பெரிய வேலை இல்லை. ஒரு கொட்டையை எடுத்து, பஞ்சை நடுவில் வகிடு பிரித்து, சிறு சீப்பால் இருபுறமும் வாரிவிட்டால் வண்ணத்துப்பூச்சி இறக்கை போல விரியும். அளவுகோலில் வைத்தால் கொட்டையிலிருந்து ஒரு பக்க நீளம் தெரிந்துவிடும். குவியலின் பல இடங்களிலிருந்து இருபது கொட்டையாவது எடுக்க வேண்டும். மேலாக ஒரு கைப்பிடி பார்ப்பது ஏமாற்றும். நீளம் உறுதியானதும் அந்தக் குவியல் வேறு குவியலோடு சேரவே கூடாது. கொஞ்சம் குட்டை இழை கலந்தாலும் குட்டை இழையைச் சீவி நீக்கும் கோம்பிங்கில் கழிவு ஏறும், நூல் அறும்.

அடுத்தது ஜின்னிங். உருளையால் பஞ்சைப் பிரிக்கும் ரோலர் ஜின் மட்டுமே. ரம்பம் வைத்த சா ஜின்னின் பற்கள் நீள இழையைப் பிய்த்து முடிச்சாக்கிவிடும். ஈரம் 8 சதவீதத்தைத் தாண்டினால் பஞ்சு திரிந்து கட்டிகட்டியாக வரும். ஆகவே பனி உலர்ந்த பிறகு எடுத்த பருத்தியாக இருக்கட்டும். உரச்சாக்கு வேண்டவே வேண்டாம். அதன் பிளாஸ்டிக் இழை சாயம் ஏற்காமல் துணியில் வெள்ளைக் கீறலாக நிற்கும். விற்பனைக்கூடங்களிலேயே காடாத் துணிப்பை கொடுங்கள்.

விதைப்பண்ணைகளில் பூக்கும் பருவத்தில் ஒரு முறையாவது கலப்புச் செடி பிடுங்க வேண்டும். சுவின் பூ நல்ல மஞ்சள், இதழடியில் சிவப்புப் பொட்டு இருக்கும். பொட்டில்லாமல் வெளிறிய பூ விடும் செடி வேற்று ரகம். தேனீ மகரந்தத்தைக் கடத்தும் என்பதால் பக்கத்து வயலில் வேறு பருத்தி இருக்கக்கூடாது.

சுத்தமான விதை ஆவணி விதைப்புக்கு முன்பே வட்டாரக் கிடங்குக்கு வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
நீள இழைப் பருத்தி விவசாயிகளும் நூற்போரும்