அந்தச் சுவர் யாருக்குக் கிடைத்தது?

அன்புள்ள செந்திலுக்கு,

மார்ச் 8 மகளிர் தின ஊர்வலத்தன்று நீ குடும்ப குரூப்பில் போட்ட படத்தைப் பார்த்தேன். சிலையைச் சுற்றித் தகரம் அடித்து மூடியிருக்கிறார்கள். தகரம் முழுக்க ஊதா ஸ்ப்ரேயில் எழுத்து. அதற்குக் கீழே நீ, "நூறு வருஷத்துச் சின்னத்தையெல்லாம் நாசம் பண்றாங்க, கேட்டா இதுவும் கலைன்னு சொல்றாங்க" என்று எழுதியிருந்தாய். உன் சித்தப்பா உடனே கட்டைவிரல் போட்டார். நான் ஒன்றும் சொல்லாததால் "என்னம்மா, டிராயிங் டீச்சர் கருத்து எங்கே?" என்று கேட்டாய். கருத்து இருக்கிறது. போனில் தட்டுகிற அளவுக்குச் சின்னது இல்லை, அதனால் கடிதம். நீ மெக்ஸிகோ நகரத்துக்குப் போனதிலிருந்து அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன், உனக்கே தெரியும்.

நீ போன புதிதில் எனக்காக என்று தேசிய அரண்மனைக்குப் போய், மாடிப்படிச் சுவரில் ஓவியர் தியேகோ ரிவேரா வரைந்ததைப் படமெடுத்து அனுப்பினாய். ஆஸ்டெக் காலம், ஸ்பானியர் வந்து இறங்கியது, விடுதலைப் போர், புரட்சி, ஒரு ஓரத்தில் கார்ல் மார்க்ஸ் வரை எல்லாம் அதில் உண்டு. 1929-இல் தொடங்கி 1935 வரை வரைந்தார். அதற்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம். 1920களின் தொடக்கத்தில் கல்வி அமைச்சராக இருந்த ஹோசே வாஸ்கொன்செலோஸ்தான் பொதுக் கட்டடச் சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டவர். ஆக, சுவரில் அரசியல் எழுதுவது அந்த நாட்டில் புதிதும் இல்லை, குற்றமும் இல்லை. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து அதைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

சரி, அந்தச் சுவர் யாருக்குக் கிடைத்தது?

மரியா இஸ்கியெர்தோ என்ற ஓவியரின் பெயரை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். ஃப்ரீதா காலோ படம் போட்ட பை உன் அக்காவிடமே இருக்கிறது, இவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1929-இல் மாணவியாக இருந்தபோது இவர் ஓவியங்களைத் தேடிப் பாராட்டியவர் ரிவேரா. அடுத்த வருடமே நியூயார்க்கில் தனிக் கண்காட்சி. அமெரிக்காவில் அப்படி ஒரு கண்காட்சி வைத்த முதல் மெக்ஸிகப் பெண் இவர்தான். 1945-இல் நகர நிர்வாகம் தன் கட்டடத்தில் பெரிய சுவரோவியம் வரைய இவரை ஒப்பந்தம் செய்தது. மாதிரி வரைபடங்கள் எல்லாம் தயார். அப்போது ரிவேராவும் இன்னொரு பெரிய சுவரோவியரான சிக்கெய்ரோஸும் சேர்ந்து, இந்த அம்மாவுக்கு இதற்கான அனுபவம் போதாது என்று சொன்னார்கள். ஒப்பந்தம் ரத்தாகிவிட்டது. சுவரே கொடுக்காமல் சுவர் அனுபவம் எங்கிருந்து வரும்? ரிவேராவின் கோடுகளை இன்றைக்கும் நான் ரசிக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை மன்னிக்க மனம் வரவில்லை.

சுவர் கிடைக்காதவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

1978-இல் மோனிக்கா மாயேர் என்று ஒரு பெண், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதுதான் இருக்கும், சாபுல்தெபெக் பூங்காவிலுள்ள நவீன கலை அருங்காட்சியகத்தில் துணி காயப்போடுகிற கொடி ஒன்றைக் கட்டினார். அதற்கு முன்னால் சின்னச் சின்ன ரோஸ் நிறத் தாள்களை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் போய், வெவ்வேறு வயதிலும் வேலையிலும் இருந்த சுமார் 800 பெண்களிடம் ஒரு பாதி வாக்கியத்தைக் கொடுத்து முடிக்கச் சொன்னார்: "ஒரு பெண்ணாக இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடிக்காதது..." வந்த தாள்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். பெண்கள் குப்பை, புகை, கூட்டம் என்று எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். திரும்பத் திரும்ப வந்தது பஸ்ஸில் கை வைப்பது, தெருவில் பின்னால் வருவது, அசிங்கமாகப் பேசுவது. கண்காட்சி பார்க்க வந்த பெண்களும் யாரும் கேட்காமலே தாங்களும் எழுதிவிட்டுப் போனார்கள்.

எனக்கு இதில் பிடித்தது என்ன தெரியுமா? அதில் அவர் வரைந்தது ஒன்றுமே இல்லை. கேள்வி ஒன்று, கயிறு ஒன்று, அவ்வளவுதான். மாமியார் வீட்டுக் கொல்லையில் கிடக்க வேண்டிய கொடியைக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தின் நடுவில் கட்டினால், கோடு சரியில்லை, வண்ணம் சரியில்லை என்று எந்த விமர்சகரும் வாய் திறக்க முடியாது. படிக்கத்தான் வேண்டும். நான் வேலை பார்த்த பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் வந்த பெண் பிள்ளைகள் பாதிப் பேர் கையில் ஊக்கு வைத்திருப்பார்கள், தாவணியில் குத்துவதற்கு இல்லை. அந்தத் தாளை அவர்களிடம் கொடுத்திருந்தாலும் அதே பஸ்தான் வந்திருக்கும்.

இதே மாயேர், மாரிஸ் புஸ்தமாந்தே என்ற இன்னொரு கலைஞரோடு சேர்ந்து 1983-இல் ஒரு குழு தொடங்கினார். பெயர், கருங்கோழிப் பொடி! அந்த ஊர்ச் சந்தையில் திருஷ்டிக்கு விற்கிற பொடியாம். மெக்ஸிகோவில் கலைஞராக இருப்பதே கஷ்டம், பெண் கலைஞர் என்றால் கூடுதல் கஷ்டம், பெண்ணியக் கலைஞர் என்றால் கேட்கவே வேண்டாம், அதனால் முதலிலேயே திருஷ்டி கழித்துக்கொள்வோம் என்று வைத்தார்களாம். அந்த வருடமே வன்முறைக்கு எதிரான ஒரு ஊர்வலத்தில், பலாத்காரம் செய்கிறவர்களுக்குக் கண் வைப்பது எப்படி என்று சமையல் குறிப்பு மாதிரி எழுதி விநியோகித்தார்கள். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உன் அப்பா எழுந்து வந்துவிட்டார். நம் வீட்டில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடும்போது உன் பாட்டி முணுமுணுப்பாளே, "ஊரு கண்ணு, உறவு கண்ணு" என்று, அவளிடம் கொடுத்திருந்தால் இன்னும் இரண்டு சரக்குச் சேர்த்திருப்பாள்.

1987-இல் இருவரும் டிவிக்குப் போனார்கள். கியெர்மோ ஒச்சோவா என்று பேர்போன நிகழ்ச்சித் தொகுப்பாளர். அவருக்கு வயிறு முட்டிக்கொண்டிருக்கிற ஒரு ஏப்ரனைக் கட்டிவிட்டு, ஒரு நாளைக்கு நீர்தான் தாய் என்று பட்டம் கொடுத்தார்கள். நாடு முழுக்க வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. இதற்காக எந்தச் சிலையிலும் ஒரு சொட்டுச் சாயம் படவில்லை, கவனித்துக்கொள்.

இனி வருவது சிரிக்கிற விஷயம் இல்லை. எல்லையில் சியுதாத் ஹுவாரெஸ். 1993 முதல் அங்கே பெண்கள் ஒவ்வொருவராகக் காணாமல்போய்ப் பிணமாகக் கிடைத்தார்கள். பலர் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய்வந்த இளம்பெண்கள். 2001-இல் ஒரு பருத்திக் காட்டில் எட்டு உடல்கள். தாய்மார்கள் மின்கம்பங்களில் கறுப்புப் பட்டை தீட்டி அதன்மேல் ரோஸ் நிறச் சிலுவை வரைந்தார்கள். அந்த ஊரில்தான் 2009-இல் எலினா சோவெத் என்ற கலைஞர், கேட்டு வாங்கிய 33 ஜோடிச் சிவப்புச் செருப்புகளைத் தெருவில் வரிசையாக வைத்தார். ஆள் இல்லாத செருப்புகள். அவருடைய தங்கையோ அக்காவோ, உடன்பிறந்தவளைக் கட்டியவனே கொன்றிருந்தான். அதே 2009-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், பருத்திக்காட்டு வழக்கில் மெக்ஸிக அரசே பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. பத்து வருடம் கழித்து, 2019 மார்ச் 8 அன்று, நுண்கலை அரண்மனைக்கு எதிரில் பெண் குறியீட்டை ஆளுயரத்துக்கு மேல் இரும்பில் செய்து நட்டார்கள். அதில் எழுதியிருந்தது, மெக்ஸிகோவில் தினமும் 9 பெண்கள் கொல்லப்படுகிறார்கள் என்று. அப்புறம் அந்த எண் பத்து என்று சொல்லும்படி ஆனது.

இவ்வளவுக்கும் பிறகுதான் நீ கோபப்படுகிற சாயம் வருகிறது.

அதே 2019 ஆகஸ்டில், போலீஸ்காரர்களே ஒரு சிறுமியைப் பலாத்காரம் செய்ததாகப் புகார் எழுந்தது. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். நகரப் பாதுகாப்பு அதிகாரியின் தலையில் ரோஸ் நிற ஜிகினாத் தூளைக் கொட்டினார்கள். இப்போது ஜனாதிபதியாக இருக்கும் கிளாடியா ஷெயின்பாம்தான் அப்போது நகரத் தலைவர். அவர் இதை ஆத்திரமூட்டும் செயல் என்றார். ஜிகினாவுக்கே இந்தப் பேச்சா என்று ஆகஸ்ட் 16 அன்று இன்னும் பெரிய கூட்டம் வந்தது. உன் ஆபீஸ் இருக்கிற அதே ரிஃபோர்மா சாலையில், சுதந்திர தேவதை நிற்கும் தூணின் அடிப்பகுதி முழுக்க எழுதிவிட்டார்கள். பெண்களைக் கொல்லும் மெக்ஸிகோ என்பது அதில் ஒன்று. 1910-இல் விடுதலையின் நூற்றாண்டுக்கு எழுப்பிய தூண். உச்சியில் தங்க முலாம் பூசிய சிறகோடு நிற்பது ஒரு பெண்தான், வெற்றியின் உருவம். பெண்ணை அவ்வளவு உயரத்தில் வைத்துவிட்டுக் கீழே நடப்பவளை என்ன செய்கிறோம் என்று கேட்க அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் எல்லோரும் உன்னைப் போலத்தான் பேசினார்கள். சீக்கிரமே சுற்றி அடைத்தும் விட்டார்கள். 2017 பூகம்பத்தின் சேதத்துக்காகவும் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. அப்போது ஒரு கடிதம் வெளியானது, எழுதியவர்கள் யார் தெரியுமா? பழைய கல்லையும் ஓவியத்தையும் சுத்தம் செய்து காப்பாற்றுவதையே தொழிலாக வைத்திருக்கும் பெண் நிபுணர்கள். தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர், ஜிகினா போட்ட சீரமைப்பாளர்கள் என்கிற மாதிரி. அவர்கள் சொன்னது, அழிக்காதீர்கள். முதலில் ஒவ்வொரு எழுத்தையும் படமெடுத்து ஆவணமாக்குங்கள், பெண்களைக் காப்பாற்ற அரசு ஏதாவது செய்யட்டும், அதுவரை அப்படியே இருக்கட்டும். கல்லைத் திரும்பச் சரிசெய்யத் தங்களுக்குத் தெரியும், பெண்ணுக்கு நடந்ததை அப்படித் திருப்ப முடியாது என்பது அவர்கள் வாதம். அந்தக் கல்லின்மேல் உனக்கும் சித்தப்பாவுக்கும் இருக்கிற அக்கறையைவிட அவர்களுக்கு அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன் என்று நினைக்காதே. சுத்தியலால் உடைப்பது எனக்குப் பிடிக்காது. அப்புறம் அந்தத் துணிக்கொடி இப்போது கல்லூரிகளுக்குப் போய்விட்டது, மாணவிகள் தங்களைத் தொந்தரவு செய்த ஆசிரியர், மாணவர் பெயரையே எழுதித் தொங்கவிடுகிறார்கள். மாயேரின் முதல் கொடியில் கேட்டது பெயரை அல்ல. விசாரிக்காமல் ஒரு பெயரைத் தொங்கவிடுவது எனக்கு உறுத்துகிறது, ஒருவன் விஷயத்தில் தவறாகிவிட்டால் அதை எப்படித் திரும்ப எடுப்பது? ஆனால் புகார் கொடுத்துவிட்டு அலுவலக வாசலில் நின்று சலித்துப்போன பெண்தான் கடைசியில் கயிறு கட்டுகிறாள் என்பதும் எனக்குப் புரிகிறது. இதில் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

2021 மார்ச்சில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஊர்வலம் வருகிறது என்று தேசிய அரண்மனையைச் சுற்றி உயரமான இரும்புத் தடுப்பு வைத்தார்கள். ஜனாதிபதி தரப்பில் அதை அமைதிச் சுவர் என்றார்கள். பெண்கள் முந்திக்கொண்டு வந்து, கொல்லப்பட்டவர்களின் பெயர்களை அந்தத் தடுப்பு முழுக்க வெள்ளைச் சாயத்தில் எழுதிப் பூச்செருகிவிட்டார்கள். உள்ளே படிக்கட்டுச் சுவரில் ரிவேரா, வெளியே இரும்பில் இவர்கள். உள்ளே இருப்பதைப் பார்க்க நீ வரிசையில் நின்றாய்.

உன் ஆபீஸிலிருந்து ரிஃபோர்மாவிலேயே கிழக்கே நடந்தால் ஒரு ரவுண்டானா வரும். அங்கே கொலம்பஸ் சிலை இருந்தது, 2020 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் பழங்குடிப் பெண்ணின் சிலை வைப்போம் என்று சொல்லி, அதைச் செய்ய ஓர் ஆண் சிற்பியைப் பிடித்தார்கள் (இஸ்கியெர்தோ கதை முடியவில்லை பார்). எதிர்ப்பு வந்து கைவிட்டார்கள். 2021 செப்டம்பர் 25 அன்று பெண்கள் தாங்களே போய், கையை உயர்த்தி நிற்கும் ஊதா நிறப் பெண் உருவத்தை அந்தப் பீடத்தில் ஏற்றிவிட்டார்கள். சுற்றியிருந்த தடுப்பில் பெயர்கள் எழுதினார்கள். நகர நிர்வாகம் பூசி அழித்தது. திரும்ப எழுதினார்கள். போராடும் பெண்களின் ரவுண்டானா என்றுதான் இப்போது அதற்குப் பெயர்.

ஞாயிறு காலையில் அந்தச் சாலையில் காரை விடமாட்டார்கள், சைக்கிள்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். வருகிற ஞாயிறு ஒரு நடை போய்விட்டு வா. உன் டீமில் இருக்கிற அந்த ஊர்ப் பெண்கள் யாராவது வருவதாக இருந்தால் இன்னும் நல்லது, நீ பேசாதே, அவர்கள் சொல்வதைக் கேள். அந்தப் பெயர்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. எழுத்து தெரிகிற மாதிரி கிட்டே போய் எடு, செல்ஃபி வேண்டாம்.

அப்பாவின் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. அக்கா பங்குனி உத்திரத்துக்கு வருகிறாள்.

அன்புடன்,
அம்மா