டெலிகிராமில் இசிஜி பாடம்

அன்புள்ள கதிர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு பிஜி சீட் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் ஒரே சந்தோஷம்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கு வாட்ஸ்அப்பில் இசிஜி பாடம் நடத்தப் போவதாக எழுதியிருந்தாய். டெலிகிராமுக்கு மாறிவிடு. வாட்ஸ்அப்பில் கேள்வியை வாக்கெடுப்பாகப் போட்டால், யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது பெயரோடு தெரியும். சீனியர் ஒருவர் பதில் சொன்னதும் மற்றவர்கள் "யெஸ் சார்" போட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். டெலிகிராமின் குவிஸ் வகையில் பெயரை மறைக்கலாம். ஓட்டுப் போட்டால்தான் விடை தெரியும், 200 எழுத்துக்குள் விளக்கமும் சேர்க்கலாம்.

பலர் கோட்டை விடுவது படத்தில்தான். பெயரையும் ஓ.பி. எண்ணையும் நீக்கும் வேகத்தில் ஓரத்தை முழுக்க வெட்டிவிடுவார்கள். 25 மி.மீ./வினாடி, 10 மி.மீ./மில்லிவோல்ட் என்று தாள் ஓடும் வேகத்தையும் அலையின் உயர அளவையும் சொல்லும் குறிப்பும் கூடவே போய்விடும். பாதி அளவில், அதாவது 5 மி.மீ.யில் எடுத்த இசிஜியை வைத்துக்கொண்டு "லோ வோல்டேஜ், எஃப்யூஷனாக (இதயத்தைச் சுற்றி நீர்) இருக்குமோ" என்று ராத்திரி முழுக்க வாதாடுவார்கள். போனின் ஹைலைட்டரால் மறைப்பதும் வேண்டாம், வெளிச்சத்தைக் கூட்டினால் பெயர் தெரிந்துவிடும். தெளிவுக்காக ஃபைலாக அனுப்பினால், போனில் லொகேஷன் ஆன் செய்திருக்கும்போது எடுத்த இடமும் சேர்ந்தே போகும். மறைத்தபின் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்பு. நோயாளியின் சம்மதம் தனி. "நேற்று ராத்திரி வந்த 52 வயது லாரி டிரைவர்" என்று எழுதினால் சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடிக்கப் படமே தேவையில்லை!

முதலில் போஸ்டீரியர் எம்.ஐ.யை, அதாவது இதயத்தின் பின்சுவரில் வரும் மாரடைப்பை எடு. முன்மார்பில் ஒட்டும் வி1 முதல் வி3 வரையிலான லீடுகளில் எஸ்.டி. பகுதி இறக்கம், உயர்ந்த ஆர் அலை, நிமிர்ந்த டி அலை. வெறும் இஸ்கீமியா (இதயத் தசைக்கு ரத்தம் குறைவு) என்று விட்டுவிடுகிற இடம் இது. பின்பக்க லீடுகளான வி7, வி8, வி9 வைக்கும் இடத்தையும் சொல்லிக்கொடு: வி6 மட்டத்திலேயே, முறையே பின் அக்குள் கோடு, தோள்பட்டை எலும்பின் நுனிக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி இடப்பக்கம். அங்கே எஸ்.டி. 0.5 மி.மீ. ஏறியிருந்தாலே போதும், போஸ்டீரியர் எம்.ஐ. என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்து இதே பாடத்தை வேறு இசிஜியோடு மறுபடி போடு.

எமர்ஜென்சி கேஸுக்கு ஆலோசனை கேட்பதை அந்தக் குழுவில் அனுமதிக்காதே. பாடத்துக்கு நடுவே புதைந்துபோகும். போன் செய்யச் சொல்.

இன்னொன்று: மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் டாக்டர்களுக்குச் சொல்லும் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர் கல்விக் கணக்கில் இது தானாகச் சேராது. முதல் நாளே சொல்லிவிடு, அப்புறம் சர்டிபிகேட் கேட்டு வந்து நிற்பார்கள்.

படங்களைச் சேர்த்ததும் எனக்கு அனுப்பு. மறைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்