பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்ததிலிருந்து எங்கள் கடை மேசைக்கு வரும் பேட்டரி டிரில், கிரைண்டர், ஸ்க்ரூ மிஷின் ஆகியவற்றின் பேட்டரிகள் கூடிக்கொண்டே போகின்றன. கூரைத் தகடு போடுபவர், அலுமினியக் கதவு செய்பவர், தறிக்குடோன் மெக்கானிக், தச்சர் என்று யார் வந்தாலும் முதல் பேச்சு ஒன்றுதான்: “சார்ஜ் ஏறவில்லைங்க, புதிது ஒன்று கொடுங்கள்.” எடுத்துக் கொடுத்தால் எங்களுக்கு வியாபாரம்தான். ஆனால் வாங்கிப் பார்த்தால் பல பேட்டரிகளில் கெட்டுப்போனது ஒன்றும் இருப்பதில்லை. ஏதோ ஒரு காரணத்தால் சார்ஜர் ஏற்ற மறுத்திருக்கிறது. அந்தக் காரணம் தெரியாமல் சிலர் காசை வீணாக்குகிறார்கள். வேறு சிலர் மறுக்கும் பேட்டரியை வலுக்கட்டாயமாக ஏற்றப் பார்க்கிறார்கள். இரண்டாவதை நினைத்தால்தான் எங்களுக்குப் பயம். இந்த மடலை எழுதுவதும் அதனால்தான்.

முதலில் வெயில். பல்லடம் பக்கம் கோழிப் பண்ணைக்குக் கூரை போடும் தம்பி ஒருவர், மே மாதத்தில் ஒரு பிற்பகல் இரண்டு பேட்டரிகளுடன் வந்தார். உச்சி வெயிலில் தகரத்தின் மேல் உட்கார்ந்து ஸ்க்ரூ ஏற்றியிருக்கிறார். பேட்டரி தீர்ந்ததும் இறங்கி வந்து, தகடு அடுக்கின் மேல் வைத்திருந்த சார்ஜரில் சுடச்சுடச் செருகியிருக்கிறார். சிவப்பு விளக்கு மின்னியது. கழற்றிச் செருகினார், மறுபடியும் சிவப்பு. இரண்டும் போய்விட்டன என்று வண்டியை எடுத்துக்கொண்டு காங்கேயம் வந்துவிட்டார். எங்கள் சார்ஜரில் வைத்ததும் ஏறத் தொடங்கியது. எங்களுடையது ஏதோ உயர்ந்த சார்ஜர் என்று அவர் நினைத்தார். அவருடைய சார்ஜரையே வாங்கி, கடைக்குள் மின்விசிறியின் கீழ் வைத்துப் போட்டுக் காட்டினோம். அதிலும் ஏறியது. வழியெல்லாம் பைக்குள் இருந்ததில் பேட்டரி ஆறியிருந்தது, அவ்வளவுதான்.

பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் லித்தியம் அயான் செல் சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும். அதனால் பேட்டரிக்குள்ளேயே சூட்டை அறியும் சிறு உணரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். சார்ஜர் முதலில் அதைக் கேட்கும், பிறகுதான் மின்சாரத்தை விடும். பெரும்பாலான சார்ஜர்களின் குறிப்பேட்டில் 40 டிகிரி வரை என்று போட்டிருக்கும். நம் பக்கம் கத்திரி வெயிலில் நிழலே 40 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு. தகரக் கொட்டகைக்குள் கேட்கவே வேண்டாம். ஆகவே பேட்டரியைக் கழற்றி, நிழலில், காற்றுப் படும் இடத்தில் அரைமணி முதல் முக்கால் மணி நேரம் வையுங்கள். சார்ஜரையும் வெயிலிலிருந்து எடுங்கள். அவசரத்துக்கு ஃபிரிட்ஜில் வைப்பதும் ஈரத்துணி சுற்றுவதும் கூடாது, உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். வேலை அதிகம் இருப்பவர்களுக்கு எங்கள் யோசனை: பெரிய பேட்டரி ஒன்றைவிடச் சிறிய பேட்டரிகள் இரண்டை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்று வேலை செய்யும்போது மற்றது ஆறும்.

அடுத்தது அழுக்கு. நம் ஊரில் இது வெயிலுக்குக் குறைந்த எதிரி இல்லை. பொள்ளாச்சி நார் மில்லிலிருந்து வரும் பேட்டரியைத் தட்டினால் மேசையில் பழுப்புத் தூள் கொட்டுகிறது. பஞ்சாலையிலிருந்து வரும் சார்ஜரின் காற்றுத் துளைகளில் பஞ்சு மெத்தை போல அடைத்திருக்கிறது. காற்றுப் போகாத சார்ஜர் தானே சூடாகி நின்றுவிடும். பேட்டரியில் பெரிய பின்கள் இரண்டோடு சிறிய பின் ஒன்றோ இரண்டோ இருக்கும். அவற்றின் வழியாகத்தான் சூடு எவ்வளவு என்ற செய்தி போகிறது. அந்தச் சிறிய பின்னில் தூள் ஒட்டினால் செய்தி போகாது. சூடு தெரியாத சார்ஜர் பேட்டரி பழுது என்று விளக்கைக் காட்டிவிடும். பழைய பல்துலக்கும் தூரிகையைக் காய்ந்தபடியே எடுத்துத் தட்டித் துடையுங்கள். பிசுக்கு இருந்தால் செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் அதன் பக்கம் கை வைக்க வேண்டும். தின்னர், பெட்ரோல் இரண்டும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பின்னின் மேல்பூச்சு போய்விடும், பிறகு மாதத்துக்கொரு முறை கறுக்கும்.

சார்ஜரில் விளக்கே எரியவில்லையா? அப்போது பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். வேலைத்தளத்து ஜங்ஷன் பாக்ஸ்களில் பாதிக்குப் பிடிமானம் இருப்பதில்லை. இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த சார்ஜரை நேராக நம் 230 வோல்ட்டில் செருகாதீர்கள். அந்த நாட்டு மின்சாரம் 120 வோல்ட். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் மட்டும் போடலாம். பழுது சார்ஜரிலா பேட்டரியிலா என்று தெரிய, வேறு ஒருவருடைய அதே கம்பெனி, அதே வோல்ட் பேட்டரியை உங்கள் சார்ஜரில் வைத்துப் பாருங்கள். அது ஏறினால் சார்ஜர் நலம்.

இனி முக்கியமான விஷயம். வேலை முடிந்ததும் தீர்ந்த பேட்டரியை மிஷினிலேயே விட்டுவிட்டு, மூன்று நான்கு மாதம் கழித்து எடுக்கிறார்கள். 18 வோல்ட் பேட்டரி என்பது 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாக நிற்பது. முழுக்க ஏறினால் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், ஆக மொத்தம் 21. (20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதும் இதே ஐந்து செல்தான், பெயரில்தான் வித்தியாசம்.) வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருப்பவர்கள் பெரிய பின்கள் இரண்டிலும் வைத்துப் பாருங்கள், முனைகள் ஒன்றோடொன்று தொடக்கூடாது. 18-க்கு மேல் என்றால் நல்ல நிலை. 15 என்றால் தீர்ந்திருக்கிறது, ஏற்றலாம். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் பல சார்ஜர்கள் தொடவே மாட்டா.

அங்கேதான் இந்த விளையாட்டு தொடங்குகிறது. நல்ல பேட்டரியிலிருந்து இரண்டு வயர் எடுத்து, செத்ததற்குக் கொஞ்சம் உயிர் ஊட்டிவிட்டுச் சார்ஜரில் போடும் வித்தை. போன வருடம் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இதைச் செய்தார். ஏறியது. நம்பிக்கை வந்து இரவு பட்டறையில் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கப் போனார். விடியற்காலையில் புகை. பணிமேசை கருகியது, பக்கத்தில் தின்னர் டப்பா இல்லாததால் பட்டறை பிழைத்தது. மிச்சத்தை ஒரு தகர டப்பாவில் மணல் போட்டுக் கொண்டுவந்தார். செல்களில் இரண்டு வாய் திறந்திருந்தன. உள்ளே சுருட்டியிருந்த தாமிரத் தாள், எரிந்த சுருட்டுப்போல வெளியே தெரிந்தது. அவர் அன்று பேசியது குறைவு.

நடந்தது இதுதான். செல் அளவுக்கு மீறிக் காலியாகி நாள் கணக்கில் கிடந்தால், உள்ளிருக்கும் தாமிரத் தாள் கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த தாமிரம் வேறு இடத்தில் படிந்து, செல்லுக்குள்ளேயே பாலம் போட்டுவிடும். அந்தப் பாலம் முதல் நாளே எரிய வேண்டும் என்பதில்லை, பத்தாவது சார்ஜில்கூட எரியலாம். ஏறியது என்பதால் பிழைத்துவிட்டது என்று அர்த்தமாகாது. சார்ஜர் மறுக்கும் பேட்டரியைத் தயவுசெய்து யாரும் வயர் போட்டு எழுப்பாதீர்கள். உங்கள் பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு இருக்கிறது, பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

ஏறுகிறது, ஆனால் பத்து ஸ்க்ரூ போடுவதற்குள் நின்றுவிடுகிறது என்றால் கதை வேறு. அப்படி ஒன்றைச் சென்ற வாரம் திறந்தோம். சார்ஜர் முழுக்க ஏறியதாகக் காட்டியது. வரிசையில் நிற்கும் ஐந்தையும் தனித்தனியே அளந்தோம்: 4.18, 4.17, 3.42, 4.18, 4.17 வோல்ட். நடுவில் நிற்கும் ஒன்று தளர்ந்துவிட்டது. அது தீர்ந்ததும் மற்ற நான்கில் மின்சாரம் இருந்தும் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. தளர்ந்ததை மட்டும் மாற்றித் தரச் சொல்கிறார்கள். நாங்கள் அப்படிச் செய்வதில்லை. பழைய நான்கோடு புதிய ஒன்று ஒத்துப்போகாது, சில மாதத்தில் திரும்ப வருவீர்கள். மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே வகைச் செல்லாக மாற்றி, அவற்றை இணைக்கும் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். செல்லின் மேல் நேராகச் சால்டரிங் வைத்துச் சூடு காட்டுபவரிடம் கொடுக்காதீர்கள்.

விலை மலிவு என்று வாங்கும் பேட்டரிகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். சீட்டில் 6 ஆம்பியர்-மணி (பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற அளவு) என்று அச்சிட்டிருக்கும், திறந்தால் ஐந்தே செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அந்தச் செல்லில், நல்ல தரத்திலேயே மூன்றரை ஆம்பியர்-மணிதான் அடங்கும். ஐந்து செல்லில் 6 வரவே வராது, ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டாகப் பத்து செல்லாவது வேண்டும். திறக்காமல் கண்டுபிடிக்க மளிகைக் கடைத் தராசு போதும். ஒரு செல் ஏறக்குறைய 45 கிராமுக்குக் குறையாது. பத்து செல் மட்டுமே அரைக் கிலோவை நெருங்கும். மொத்தப் பேட்டரியே 400 கிராம் என்றால் சீட்டு பொய் சொல்கிறது.

பெரியவர்கள் சிலர் இன்றும் பேட்டரியை முழுக்கத் தீர்த்துவிட்டு எட்டு மணி நேரம் சார்ஜ் போடுகிறார்கள். அது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம், அந்தப் பேட்டரிக்கு அது சரி. லித்தியத்துக்கு வேண்டாம். மிஷினின் இழுவை குறைந்ததுமே நிறுத்திச் சார்ஜில் போடுங்கள். நீண்ட நாள் வேலை இல்லை என்றால் பாதி அளவு ஏற்றி, மிஷினிலிருந்து கழற்றி, வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஆடியில் வைத்தால் ஐப்பசியில் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

வாய்க்காலில் விழுந்த பேட்டரி, மாடியிலிருந்து விழுந்து மேலோடு விரிசல் விட்டது, நகப்பூச்சு போல இனிப்பு வாடை வருவது, சும்மா கிடக்கும்போதே சுடுவது: இவை எதையும் காய்ந்துவிட்டது என்று நம்பிச் சார்ஜில் போடக்கூடாது. வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். ஆயுள் முடிந்த சாதாரணப் பேட்டரிகளையும் குப்பையோடு போட்டு எரிக்காதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றை மற்றக் குப்பையிலிருந்து பிரித்துத்தான் ஒப்படைக்க வேண்டும். பின்களின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொண்டுவந்து கொடுங்கள், உரிய இடத்துக்கு நாங்கள் சேர்த்துவிடுகிறோம்.

பழுது பார்க்க வரும்போது பேட்டரியை மட்டும் கொண்டுவராமல் சார்ஜர், மிஷின் மூன்றையும் எடுத்து வாருங்கள். சார்ஜரின் விளக்கு என்ன நிறத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்பதைச் செல்போனில் படம் பிடித்து வந்தால் பாதி வேலை முடிந்தது. அளந்து பார்த்துச் சொல்வதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை. காலையில் வந்தால் நிதானமாகப் பார்க்கலாம். சந்தை நாளான திங்கட்கிழமை மட்டும் கூட்டம் இருக்கும், கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும்.

அன்புடன்,
தாராபுரம் சாலைக் கடையிலிருந்து,
காங்கேயம்.