கோயிலில் பெண்களுக்கு எழுத்து வகுப்பு: எங்கே, எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விஜயதசமியன்று கோயில்களில் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவார்கள். அதே நாளில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் வகுப்பு தொடங்க நினைக்கும் கோயில் நிர்வாகத்தினருக்காக இதை எழுதுகிறோம்.

ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு கோலாலம்பூரின் பிபிஆர் என்ற அரசு மலிவு வீட்டு அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில், பள்ளியைப் பாதியில் விட்ட அம்மாக்களும் பாட்டிகளும் இன்னும் இருக்கிறார்கள். வெளியே எங்கும் வகுப்புக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள்கூட வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்குத் தவறாமல் வருகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுத்தைக் கொடுக்க முடியும். ஆனால் வகுப்பை மூலஸ்தானத்துக்கு எதிரே உள்ள மண்டபத்தில் வைக்காதீர்கள். மாதவிலக்கு நாள்களில் அவர்கள் வர மாட்டார்கள். வீட்டில் துக்கம் என்றால் 16ஆம் நாள் காரியம் வரை வர மாட்டார்கள். நான்கு வெள்ளியில் ஒன்று போனால், புதிதாக எழுத்துப் பிடித்த கை அதை மறந்துவிடும். அதன்பின் கூச்சத்தில் நின்றே விடுவார்கள். கோயிலை ஒட்டிய தனிக் கூடம் அல்லது அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடம் போதும். பக்கத்து வீட்டுக் கிறிஸ்துவ, முஸ்லிம் பெண்களும் அங்கே தயங்காமல் உட்காரலாம். அவர்களுக்கு அவர்களுடைய வழிபாட்டு வரிகளையே முதல் பாடமாக வையுங்கள்.

முதல் தாளுக்குப் போற்றி வரிகள் மிகவும் பொருத்தம். பத்து வரி போதும், எழுத்து 28 புள்ளி (பாயிண்ட்) அளவுக்குக் குறையக் கூடாது. எல்லா வரியும் ‘ஓம்’ என்று தொடங்கி ‘போற்றி’ என்று முடியும். நடுவில் உள்ள பெயர் மட்டுமே மாறும். இங்கேதான் ஏமாற்றமும் இருக்கிறது. தாளைப் பார்த்துச் சரளமாகச் சொல்வார்கள், ஆனால் அது மனப்பாடம். நடுவில் உள்ள பெயர்களை மட்டும் துண்டுகளாக வெட்டி, கலைத்து, ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுங்கள். முதல் வரியிலிருந்து முணுமுணுத்து வந்து அந்தப் பெயரைப் பிடிப்பவர் இன்னும் படிக்கவில்லை.

‘போற்றி’யை எழுத்துக்கூட்டச் சொல்லாதீர்கள். ‘போ’வில் கொம்பு முன்னால், கால் பின்னால், ஒலியோ ஒன்று, தொடக்கத்தில் அது குழப்பும். அதை முழுச் சொல்லாகவே அடையாளம் காணட்டும். எழுத்தை ட, ப, ம என்று தொடங்குங்கள். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம் எல்லாம் முதல் நாளே வந்துவிடும். அ முதல் ஃ வரை பலகையில் எழுதிப் போட்டால் ‘இ’யிலேயே கை சோர்ந்துவிடும். உகர வரிசையை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்: கு, டு, மு ஒரு வடிவம், சு, பு, வு வேறு, து, நு, லு வேறு.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முதலில் வெள்ளெழுத்துக் கண்ணாடி. +1.50, +2.00 என்று சில கண்ணாடிகளைக் கூடத்திலேயே வைத்திருங்கள். மண்டையில் ஏறவில்லை என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்ணுக்குப் பல நேரம் எழுத்து தெளிவாகத் தெரிவதே இல்லை.

பக்திப் பாடல்கள், வகுப்பு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 1991இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். கற்ற பெண்களின் அன்றாடமே மாறியது. இங்கே சைக்கிளின் இடத்தில் இருப்பது ரூமி, அதாவது மலாய் மொழியை எழுதும் ஆங்கில எழுத்து. மருந்துப் பையில் ‘செபெலும் மாக்கான்’ (சாப்பாட்டுக்கு முன்), ‘செலெபாஸ் மாக்கான்’ (சாப்பாட்டுக்குப் பின்) எது என்று தெரிய வேண்டும். தமிழில் ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால் ரூமியில் தடுமாறுவார்கள். ‘த’வும் அப்படியே: மலாயில் இரண்டு (dua) என்பதும் முதுமை (tua) என்பதும் தமிழில் எழுதினால் ‘துவா’தான், ரூமியில் முதல் எழுத்து வேறு. ‘பல்’, ‘பயம்’ என்று பேச்சில் சொல்லச் சொல்லி, தொண்டையில் கை வைத்துப் பார்க்கச் செய்யுங்கள். ‘பயம்’ என்கையில் தொடக்கத்திலேயே தொண்டை அதிரும். இரண்டு ஒலியும் அவர்கள் நாக்கில் ஏற்கெனவே இருக்கின்றன.

அடுத்து பதிவுப் பாரங்கள் (படிவங்கள்). தீபகற்ப மலேசியாவில் குழந்தைப் பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். 1982 மார்ச் 1 முதல், கோயிலில் தாலி கட்டினால் மட்டும் சட்டப்படி திருமணம் ஆகாது, பதிவும் வேண்டும். பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் கணக்கு. தாயிடம் ஆவணம் இல்லையென்றால் பிள்ளையின் குடியுரிமையும் சிக்கலாகிவிடும். இந்தப் பாரங்களின் நகலை வைத்துத் தன் பெயர், மைகார்ட் (அடையாள அட்டை) எண், முகவரி ஆகியவற்றைத் தானே நிரப்பப் பழக்குங்கள்.

ஒரு வேண்டுகோள். வகுப்பு நடக்கும் முக்கால் மணி நேரம் அந்தப் பெண்களை அன்னதானத்துக்குக் காய் நறுக்கக் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
பெண்கள் எழுத்தறிவு வகுப்பு ஆசிரியைகள் சிலர்,
செந்தூல், கோலாலம்பூர்