தலைப்பு பயமுறுத்த வேண்டாம்

ஆசிரியருக்கு,

படுக்கையில் சிறுநீர் கழிக்கும் குழந்தைகளின் மூளை இணைப்புகள் பற்றிய தங்கள் செய்தி பயனுள்ளது. ஆனால் 'அறிவுத்திறன் பாதிப்பு' என்ற தலைப்பு பெற்றோரை வீணாகக் கலங்கடிக்கும். கவனத்தையும் தூக்கத்திலிருந்து விழிப்பதையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கு இடையே சராசரி அளவில் தெரியும் வேறுபாட்டைத்தான் ஸ்கேன் ஆய்வுகள் சொல்கின்றன. அது காரணமா, விளைவா, இல்லை தூக்கம் கெடுவதால் வருவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. 5 வயதில் ஏறக்குறைய 15 சதவீதக் குழந்தைகளுக்கு இந்தப் பிரச்சினை உண்டு. அவர்களில் ஆண்டுதோறும் ஏழில் ஒருவருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. சிறுநீர்ப்பை நிரம்பியும் மூளை எழுப்பாததற்குக் குழந்தையைத் திட்டி என்ன பயன்?

நான் ஆசிரியை. என் வகுப்பில் இந்தப் பிரச்சினை உள்ள, கணக்கில் கெட்டிக்காரனான ஒரு மாணவன், இரவு தங்க வேண்டியிருக்கும் என்பதற்காகவே பள்ளிச் சுற்றுலாவுக்கு வர மறுத்தான். வீட்டுக் கேலிதான் அவனை அப்படி ஒடுங்க வைத்தது என்று அவன் அம்மாவே பிறகு சொன்னார். இத்தகைய செய்திகளுடன் மலச்சிக்கல் பரிசோதனை, ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம், இரவில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் மருந்து ஆகியவை பற்றி ஒரு குழந்தைநல மருத்துவரின் விளக்கத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.