பேசாதவரைப் பேட்டி எடுக்க உதவியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

வானொலிக்காக நான் செய்த முதல் கதை போன வாரம் எங்கள் மாணவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பானது. ஐந்து நிமிடம்தான். அதற்குப் பின்னால் எத்தனை பேர் நின்றீர்கள் என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

தைப்பூசத்தன்று, இங்கே மொரீஷியஸில், காத்ர் போர்ன் ஊரிலுள்ள கோர் தெ கார்ட் மலை முருகன் கோவிலுக்குப் போனேன். காவடி எடுக்கும் ஓர் அண்ணனைப் பேட்டி எடுப்பதாகத் திட்டம். ஒரு பக்கம் நிறையக் கேள்வி எழுதிவைத்திருந்தேன். போய்ப் பார்த்தால், நாக்கில் வேல் தரித்து மௌன விரதத்தில் நிற்கிறார். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆசிரியரைப் போனில் அழைத்தேன். "அவர் பேச வேண்டாம்மா. மூச்சு விடுகிறார் இல்லையா? அனுமதி கேட்டுவிட்டு மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோ" என்றார். ஐயா, அந்த ஒரு வார்த்தைதான் என் கதை. உங்களுக்கு முதல் நன்றி.

அண்ணனே, தலையசைத்து அனுமதி தந்தீர்கள். மலைப்படி ஏற ஏற உங்கள் மூச்சு மாறியதை அப்படியே பதிவு செய்தேன். அதைவிட நல்ல பதில் எந்தக் கேள்விக்கும் கிடைத்திருக்காது.

உங்கள் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? சொம்பில் இருக்கிற பால் கோவில் போய்ச் சேரும்வரை திரியக் கூடாதே என்று அவர் தவித்ததை, இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் சொன்னார். தமிழில் சொல்லுங்கள் என்று மூன்று முறை கேட்டேன். பாவம், தடுமாறினார். அப்படிக் கேட்டது தப்பு. அவர் மொழியிலேயே மூன்று விநாடி கேட்கவிட்டு, பிறகு அந்தக் குரலைத் தாழ்த்தி, மேலே என் தமிழை வைத்தேன். கடைசியில் அவர் "வேல் வேல்" என்று குரல் எடுத்தாரே, அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

தவில், நாதஸ்வரக் கலைஞர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தவிலுக்கு மிகப் பக்கத்தில் நின்று, ஒலி அளவைக் குறைக்காமல் பதிவு செய்துவிட்டேன். பதிவுக் கருவி காட்டும் அளவில் 0 டெசிபல்தான் உச்சம்; அதைத் தாண்டினால் சத்தம் உடைந்துபோகும், பிறகு சரிசெய்ய வழியில்லை. வீட்டில் ஹெட்போனில் கேட்டபோது அழுகையே வந்தது. மூன்று நாள் கழித்து உங்களிடம் வந்து நின்றேன். எனக்காக மறுபடி வாசித்தீர்கள், டீயும் கொடுத்தீர்கள். ஆனால் அந்த வாசிப்பைக் காவடி நாள் சத்தமாகப் போட ஆசிரியர் சம்மதிக்கவில்லை. கேட்பவர் அதை அன்றைய சத்தம் என்று நம்புவார், அது பொய் என்றார். எனக்கு அன்று கோபம்தான். இப்போது யோசித்தால், இந்தப் படிப்பில் நான் கற்ற பெரிய விஷயம் அதுதான் என்று தோன்றுகிறது. அதனால் "பிறகு கோவிலில் பதிவு செய்தது" என்று சொல்லித்தான் உங்கள் வாசிப்பைச் சேர்த்தேன்.

ஸ்டூடியோவில் எடிட்டிங் சொல்லிக்கொடுத்த அண்ணா, அளவை -12 டெசிபல் பக்கத்தில் வைத்துக்கொள், எங்கே போனாலும் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் எடுத்துக்கொள் என்று ஓயாமல் சொல்வீர்கள். வெட்டிய இடங்களை ஒட்டவைத்தது அந்த ஒரு நிமிடம்தான். சொல்லுக்கு முன்னால் வருகிற மூச்சை வெட்டாதே என்றும் சொன்னீர்கள், வெட்டவில்லை. மலைக்காற்றுக்கு மைக் உறை கொடுத்த தோழிக்கும் நன்றி. உறையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காவடி அண்ணனின் அம்மா வீட்டுக்குப் போய்க் கதையைப் போட்டுக் காட்டினேன். நான் பெயர் சொல்வதற்கு முன்னாலேயே, "என் பிள்ளை மூச்சு இது" என்றார், தமிழில்.

முழுப் பதிவையும் பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவிலுக்குக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி